துண்டு இருக்கோ?

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு எங்கேயாவது நொந்தால், என்ன சாப்பிட்டாய், எங்கே விழுந்தாய் என்று கேட்கமாட்டார்கள். முதலில் கேட்பது, "துண்டு இருக்கோ?" என்றுதான். செல் துண்டை, சண்டைக் காலத்தில் விழுந்த எறிகணையின் இரும்புச் சிதறலைச் சொல்கிறார்கள். இருக்கு என்றால் கதை அதோடு முடிந்தது, நோவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. இல்லை என்றால்தான் மற்றதெல்லாம் விசாரிப்பார்கள். முல்லைத்தீவுக் கரையில் என் வயதுக்காரரில் துண்டு இல்லாத ஆளைக் கொஞ்சம் தேடத்தான் வேண்டும். முழங்காலில் துண்டு வைத்திருக்கும் ஒருவர், அது குத்தினால் மழை வரும் என்பார். வானொலியை விட்டுவிட்டு அவரை நம்பி வள்ளம் இறக்கியவர்களை எனக்குத் தெரியும். நனைந்துகொண்டு திரும்பி வந்தவர்களையும் தெரியும்.

எனக்கு இடப்பக்கம், காறை எலும்புக்குச் சற்றுக் கீழே. பெருவிரல் நகத்தளவு. செட்டிகுளத்து முகாமில் இருந்தபோது எடுத்த எக்ஸ்ரேயில்தான் அதை முதலில் பார்த்தேன். உடைந்த சிப்பி போல வெள்ளையாய்க் கிடந்தது. "இதை எடுக்கப் போனால்தான் கரைச்சல். விட்டால் தன்ர பாட்டில இருக்கும்" என்றார் டொக்டர். காயம் ஆறியது. மகளுக்கு அப்போது ஐந்து வயது. ஓடித்திரிந்த காலம் முழுக்க அவளை என் வலப்பக்கத்தில் இடுக்கிக்கொண்டே திரிந்தேன். அவள் உடம்பில் ஒரு கீறலும் இல்லை. இதை நான் ஆட்களுக்குச் சொல்லாத நாள் குறைவு. பெருமைதான், மறைக்கவில்லை. வேறு என்ன இருந்தது அப்போது பெருமைப்பட?

ஊருக்குத் திரும்பி, வீடு கட்டி, என் கணவர் மறுபடி கடலுக்குப் போய், நான் கருவாடு போடத் தொடங்கி, எல்லாம் ஒரு வழிக்கு வந்த பிறகுதான் எனக்கு அது வந்தது. இன்றைக்கும் எரிச்சல் தருகிற விடயம் இது. ஓட வேண்டிய காலத்தில் ஓடினேன், பட்டினி கிடந்தேன், ஒரு நடுக்கம் வரவில்லை. சோறும் கறியும் நேரத்துக்குக் கிடைக்கிற காலத்தில், நல்ல வெயில் எறிக்கிற ஒரு காலையில், கரையில் இருந்து கட்டா மீனைக் கீறி உப்புத் தடவிக்கொண்டிருந்தபோது நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. கை விறைத்தது. மூச்சு எட்டவில்லை. சாகப்போகிறேன் என்று தெரிந்தது. அப்படி நினைத்தேன் என்று சொல்லவில்லை, தெரிந்தது என்கிறேன். அது வந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் விளங்கும். கத்தியைப் போட்டுவிட்டு மணலில் சரிந்துவிட்டேன்.

கரையில் நின்ற ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. துண்டு நகர்ந்துவிட்டது. வள்ளத்திலிருந்து குதித்து ஓடிவந்த என் கணவர், "நெஞ்சுக்குப் போயிட்டுது போல" என்று மட்டும் சொல்லி என்னைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினார். ஆசுபத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், ஒரு பிழையும் இல்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். துண்டு இருந்த இடத்திலேயே இருந்தது. இளம் டொக்டர் ஒருவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அசையவில்லை பாருங்கோ என்றார். என் கணவர் இரண்டையும் வடிவாய்ப் பார்த்தார்.

"படம் எடுக்கேக்க அது நிண்டிருக்கும் டொக்டர்" என்றார்.

நானும் அப்படித்தான் நம்பினேன். எனக்கு இருந்த யோசனை ஒன்றே ஒன்றுதான். மகள் படித்து முடித்து ஒரு வேலையில் ஏறும்வரைக்கும் இந்தத் துண்டு இதயத்துக்குப் போய்ச் சேரக்கூடாது. எனக்குப் பின்னால் அவளைப் பார்க்க ஆள் இல்லை, தகப்பன் பாதி நாள் கடலில் கிடக்கிறவர். மாதாவிடம் நான் வேறொன்றும் கேட்கவில்லை.

அது திரும்பத் திரும்ப வந்தது. கரையில் வந்ததால் கரைக்குப் போவதை விட்டேன். மாதா கோவிலில் பூசை நடுவில் வந்தது. பிறகு வாசல் பக்கத்தில் இருந்தேன், பிறகு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன், கடைசியில் வீட்டுக் குசினியில் இருந்துகொண்டு ஒலிபெருக்கியில் பூசை கேட்டேன். சந்தை, பஸ், கலியாண வீடு எல்லாம் இப்படியே ஒவ்வொன்றாய்க் கழன்றன. துண்டு வைத்திருக்கிறவள் அலையக்கூடாது என்று ஊரும் சொல்லிற்று. நல்ல மரியாதையான காரணம்.

பயம் வராத நாட்கள் நல்ல நாட்களாய் இருந்திருக்க வேண்டும். இல்லை. அந்த நாட்களில் ஒன்றுமே இல்லை. தலைமயிர் வாரி இழுக்கவில்லை. கறியில் உப்பு இருக்கா இல்லையா என்று தெரியவில்லை, கவலையும் இல்லை. விடிய முதல் கண் முழித்து, எழும்பப் பஞ்சிப்பட்டு, வெயில் ஏறும்வரை முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். என் கணவர் பாணும் சம்பலும் தானே செய்து சாப்பிட்டுவிட்டுப் போனார். அவர் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நல்லாய் இருந்திருக்கும்.

சும்மா இருக்கிற வாய்க்குத் தேத்தண்ணியும் மாரி பிஸ்கட்டும். உடம்பு ஊதியது. பிறகு சீனி வருத்தம் என்றார்கள், அதற்குப் பின்னால் பிரஷர் என்றார்கள். கிளினிக் டொக்டர் நல்ல பிள்ளை. காலையில் கரையோரமாய் நடவுங்கோ என்றார், உப்பைக் குறையுங்கோ என்றார். கரைக்குப் போகவே நடுங்குகிறவளைக் கரையில் நடக்கச் சொன்னார். கருவாட்டுக்காரியை உப்புக் குறைக்கச் சொன்னார். நான் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். குளிசைகளை அலுமாரித் தட்டில் வைத்தேன். முகம் கழுவவே அரை நாள் யோசிக்கிறவள் குளிசையை நேரத்துக்குப் போடுவாளா? சில நாள் போட்டேன், பல நாள் போடவில்லை. எறும்புகூட அதற்குப் பக்கத்தில் போகவில்லை.

சீனிக்கும் துண்டுதான் காரணம் என்று ஊரில் ஒரு கதை வந்தது. இரும்பு இரத்தத்தில் கரைகிறதாம், அது சீனியாய் மாறுகிறதாம். இரும்பு எப்படியப்பா சீனியாகும்? இன்றைக்குக் கேட்கிறேன். அன்றைக்கு நம்பினேன்.

என் கணவர் ஒரு முடிவோடு இருந்தார். துண்டை வெட்டி எடுப்பது, அதற்கு வள்ளத்து எஞ்சினை விற்பது. எஞ்சினை விற்றால் பிறகு எதைக்கொண்டு கடலுக்குப் போவது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெரிய ஆசுபத்திரி ஒன்றில் சத்திரசிகிச்சை டொக்டரிடம் கூட்டிப்போனார். அவர் படங்களைப் பார்த்தார், என்னைக் கனநேரம் கேள்வி கேட்டார். எப்போது வரும், வரும்போது என்ன நினைப்பீர்கள், நித்திரை எப்படி, கடைசியாய் எப்போது சிரித்தீர்கள். கடைசிக் கேள்விக்கு எனக்குக் கோபம் வந்தது.

"அம்மா, இந்தத் துண்டு உங்களை ஒண்டும் செய்யேல்லை. இதை நான் எடுக்கமாட்டன். நீங்கள் பாக்க வேண்டியது மனநலக் கிளினிக்கில."

"அப்ப எனக்கு விசர் எண்டு சொல்லுறியளோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"பின்னை ஏன் விசர் ஆசுபத்திரிக்கு அனுப்புறியள்?"

அவர் கிளினிக்குக்கு ஒரு கடிதம் எழுதி என் கணவர் கையில் கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில், மாங்குளம் தாண்டின பிறகு, என் கணவர் சொன்னார். "இஞ்சேர், போய்த்தான் பாப்பமே. ஊருக்கு மட்டும் துண்டு எண்டே சொல்லுவம்." அந்தக் கடைசிச் சொல்லுக்காகத்தான் ஓம் என்றேன்.

கிட்ட இருந்த கிளினிக்குக்குப் போகவில்லை. அங்கே வாசலில் நின்றால் எங்கள் ஊரே பார்க்கும். வவுனியாவுக்குப் போனேன். மகளுக்கு அங்கே கம்பசில் இடம் கிடைத்திருந்தது, அது நல்ல சாட்டாய் அமைந்தது. கருவாட்டுப் பார்சலும் கட்டிக்கொண்டு, மகளைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் கண்ணை மூடியபடி போவேன். முதலில் கிளினிக், பிறகு மகள். அவளுக்கும் சொல்லவில்லை. தாய்க்கு மண்டை பிழை என்று தெரிந்தால் பிள்ளை எப்படிப் படிக்கும்?

முதல் நாள் அங்கே மர வாங்கில் போய் இருக்கிறேன், பக்கத்தில் சீலைத் தலைப்பால் முகத்தை மூடியபடி ஒருத்தி. காலில் போட்டிருந்த செருப்பு எனக்குத் தெரிந்த செருப்பு. என்னிடம் கருவாடு வாங்குகிறவள். உருத்திரபுரத்துப் பக்கத்தில் வயல் செய்கிற குடும்பம், தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். கிழமைக்கு ஒருக்கா பஸ்ஸில் வந்து கருவாடு வாங்கி, வயல் ஊர்களில் விற்பாள். இடுப்பில் துண்டு இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே விலையைக் குறைப்பவள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டோம், இனி ஒளிக்க இடமில்லை.

"என்னக்கா, இந்தப் பக்கம்?"

"தோள்மூட்டு நோவு. நீ?"

"இடுப்புதான் அக்கா. இந்தத் துண்டு இருக்கே."

"ஓம், இஞ்ச துண்டு பாக்கிறதில வலு கெட்டிக்கார டொக்டராம்."

"அப்படித்தான் சொல்றாங்க."

சுவரில் பெரிய எழுத்தில் மனநலப் பிரிவு என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே இருந்துகொண்டு இருவரும் மூட்டு நோவைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்தோம். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. தாதி மிஸ்ஸி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கடைசியாய் எப்போது சிரித்தீர்கள் என்று அந்த டொக்டர் மறுபடி கேட்டால் சொல்ல ஒரு பதில் கிடைத்தது.

உள்ளே இருந்தது ஒரு பெண் டொக்டர். அவா அதிகம் கதைக்கவில்லை. எனக்கு இருப்பது ஒன்றல்ல, இரண்டு என்றா. ஒன்று பதகளிப்பு, மற்றது மனச்சோர்வு. "இது ரெண்டும் அனேகமா ஒண்டாத்தான் வரும் அம்மா. ஒண்டு வந்தா மற்றதையும் கூப்பிட்டு வைச்சிருக்கும். ரெண்டும் சேந்தா நித்திரை போகும், நடை போகும், குளிசை போடுறது போகும். சீனியும் பிரஷரும் பிறகு தன்ர பாட்டில ஏறும்." எல்லாம் என் தலைக்குள்தானோ என்று கேட்டேன். "நெஞ்சு அடிக்கிறது உண்மையாத்தான் அடிக்குது. ஆனா அதைத் துண்டு அடிக்கேல்லை" என்றா.

ஒரு குளிசை தந்தா, உடனே பிடிக்காது, சில கிழமை பொறுங்கோ என்றா. மூச்சை ஆறுதலாய் எடுத்து விடுகிற முறை ஒன்றும் பழக்கினா. எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. ஆனால் இரண்டாம் மாதம் போல ஒரு நாள், குசினியில் புளிக் கறி வைத்துக்கொண்டு நின்றபோது, கறிக்கு உப்புக் காணாது என்று எனக்கே தெரிந்தது. என் கணவரைக் கூப்பிட்டு, உப்புக் காணாது என்றேன். அவர் அகப்பையை வாங்கி நக்கிப் பார்த்துவிட்டுக் கதிரையில் இருந்து அழுதார். நான் திட்டினேன். உப்புக்கு யாரும் அழுவார்களா?

மெல்ல மெல்லக் கரைக்குப் போனேன். அது வரும், ஆனால் வந்தால் இருந்துவிட்டுப் போகும் என்று தெரிந்தது. சீனிக் குளிசையும் பிரஷர்க் குளிசையும் நேரத்துக்குப் போட்டேன், அளவுகள் இறங்கின. உருத்திரபுரத்துக்காரியும் நானும் கிளினிக் நாட்களில் ஒரே பஸ் பிடித்தோம். அவளுக்கும் பதகளிப்புத்தான். அவளுக்கு அது வயிற்றில் தொடங்கும், எனக்கு நெஞ்சில். யாருக்கு எப்படி வரும் என்று நாங்கள் கதைக்காத கதை இல்லை. ஊருக்கு மட்டும் அவளுக்கு இடுப்புத் துண்டு, எனக்குத் தோள் துண்டு.

என் கணவர் இப்போது வேறு ஆளாய் மாறியிருந்தார். முன்பு எல்லாம் துண்டு. இப்போது எல்லாம் பதகளிப்பு. எனக்குத் தலையிடித்தால், "மூச்சை எடு, ஆறுதலா விடு" என்பார். கால் சுளுக்கினாலும் மூச்சுத்தான். கோவிலில் ஞானஸ்நானம் எடுத்த புதுசில் சில பேர் இருப்பார்களே, அந்த மாதிரி.

போன வருடம் சோளகக் காற்று அடிக்கிற காலம். கரையில் பாய் விரித்துக் கருவாடு காய வைத்துக்கொண்டிருந்தேன். விடியத்திலிருந்தே ஒரு அலுப்பு. பிறகு வயிற்றைப் பிரட்டியது. பிறகு நெஞ்சில் ஒரு பாரம், தாடைக்கும் இடக்கைக்கும் இழுத்தது. வேர்த்து ஊற்றியது. பழைய சாமான் வந்துவிட்டது என்று நினைத்து, பழகின மாதிரியே மணலில் இருந்து மூச்சு விடத் தொடங்கினேன். என் கணவர் வலையைப் போட்டுவிட்டு வந்து முன்னால் குந்தினார்.

"ஒண்டுமில்லை, உனக்குத் தெரியும்தானே. எடு, ஆறுதலா விடு."

எடுத்தேன், விட்டேன். பாரம் இறங்கவில்லை. பயப்படவேண்டாம் என்பது டொக்டரின் சொல், நான் பயப்படவுமில்லை. படித்த பிள்ளை மாதிரி ஒழுங்காய்ச் செய்துகொண்டிருந்தேன். இப்படியே இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ஒழுங்காய்ச் செய்துகொண்டே செத்திருப்பேன்.

அது உருத்திரபுரத்துக்காரி கருவாடு வாங்க வருகிற நாள். பையைத் தோளில் கொளுவிக்கொண்டு வந்தவள் என்னைக் கண்டதும் நின்றாள். என் கணவர், "பயப்பிடாதை பிள்ளை, அவவுக்கு வழக்கமா வாறதுதான்" என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் முழங்காலிட்டு என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, பயமா இருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லை."

"கொஞ்சங்கூட?"

"இல்லையடி. சரியான அலுப்பு."

"அப்ப இது அது இல்லக்கா." எழும்பி என் கணவரைப் பார்த்து, "பயமில்லாம நமக்கு அது வராதுங்க. அம்புலன்சுக்கு அடிங்க, கெதியா" என்றாள்.

அம்புலன்ஸ் வரும்வரை கரையே கூடிவிட்டது. வந்தவர் என்ன வருத்தம், என்ன மருந்து பாவிக்கிறா என்று கேட்டார். என் கணவர் சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்தார். "சீனி. பிரஷர். நெஞ்சில ஒரு துண்டு இருக்கு" என்றார். கிளினிக் குளிசையைச் சொல்லவில்லை. அவளுக்கு அவ்வளவு நேரம் பொறுமை இல்லை. "மனநலக் கிளினிக்குல குளிசை எடுக்கிறாங்க. வவுனியால. நானும் அங்கதான் எடுக்கிறேன். ரெண்டு பேருக்கும் ஒரே குளிசை" என்று குளிசையின் பெயரையும் சொன்னாள். கரையே கேட்டது. இத்தனை வருடம் நாங்கள் வவுனியா மட்டும் காவிக்கொண்டு போய் ஒளித்ததை அவள் ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள். தன்னுடையதையும் சேர்த்து.

மாரடைப்பு. ஈசிஜி இந்த முறை சுத்தமாய் இல்லை. இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டார்கள். நேரத்தோடு வந்தபடியால் தப்பினீர்கள் என்றார்கள். மறுநாள் வாட்டில் டொக்டர் விளக்கினார். கட்டுப்பாட்டில் இல்லாமல் கிடந்த சீனி, பிரஷர், நித்திரையில்லாத வருடங்கள், அசையாமல் இருந்த உடம்பு, எல்லாம் சேர்ந்து குழாய்களை மெல்ல மெல்லக் கெடுத்திருக்கிறது. பிறகு குளிசை போட்டு நல்லாய்த்தான் வைத்திருந்திருக்கிறீர்கள், ஆனால் முன்பு நடந்தது நடந்ததுதான் என்றார். நெஞ்சு எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். துண்டு அதே இடத்தில், அதே சிப்பி போல. ஒரு நூல் அசையவில்லை. அத்தனை வருடம் அதற்குக் காவல் இருந்திருக்கிறேன்.

அன்று பின்னேரம் மகள் வந்தாள். வவுனியாவிலிருந்து பஸ்ஸில், முகம் கழுவாமல், புத்தகப் பையோடு. கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு என் கையைப் பிடித்தாள். கரைக்கே தெரிந்த பிறகு இவளுக்கு மறைத்து என்ன? எல்லாவற்றையும் சொன்னேன். நெஞ்சு அடிக்கிறது, கை விறைக்கிறது, சாகப்போகிறேன் என்று தெரிகிறது, பிறகு ஒன்றுமே வேண்டாம் என்று கிடக்கிறது. உன்னைப் பார்க்க வந்த நாளெல்லாம் கிளினிக் நாள் என்றும் சொன்னேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் கோபிக்கவில்லை. பிறகு தன் கையை எடுத்துத் தன் இடப்பக்கம், காறை எலும்புக்குச் சற்றுக் கீழே வைத்தாள்.

"எனக்கும் இஞ்சதான் அம்மா வாறது."

"என்ன வாறது?"

"நீங்கள் சொன்னதுதான். லெக்சர் நடக்கேக்க வரும். இப்ப நான் கனக்கப் போறேல்லை. ரூமிலதான் இருக்கிறனான்."

"எப்ப தொடக்கம்?"

"கம்பசுக்குப் போக முதலே."

"ஏனடி எனக்குச் சொல்லேல்லை?"

"எனக்குத் துண்டு இல்லையேம்மா" என்றாள். "என்னெண்டு சொல்லுறது?"

எனக்கு நெஞ்சு நொந்தது. அது மாரடைப்புமில்லை, பதகளிப்புமில்லை. பக்கத்துக் கட்டில் மனிசி, எங்கள் கரைக்காரிதான், இவ்வளவு நேரமும் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தபடி அரைகுறையாய்க் கேட்டுக்கொண்டிருந்தவள், இப்போது இரக்கத்தோடு இந்தப் பக்கம் திரும்பினாள்.

"ஐயோ, பிள்ளைக்கும் நோவே? துண்டு இருக்கோ?"

"இல்லை" என்றேன், வாட்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "ஒரு கீறலும் இல்லை. வாற கிழமை என்னோட மனநலக் கிளினிக்குக்கு வாறாள்."